பெங்களூரு பால்கனியில் கிளெமாடிஸ் கொடி: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

கிளெமாடிஸ் பூவைத் தலையில் வைக்க முடியாது. சாமிக்குச் சாற்றவும் யாரும் பறிப்பதில்லை. பெரிய பூ வகைகள் பெரும்பாலானவற்றில் வாசனை என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. திருநெல்வேலியில் இருந்து வந்த என் அம்மா, ஃபிரேசர் டவுன் வீட்டு பால்கனியில் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்த ஊதாப் பூவைக் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் மணக்கலியே, இதுக்காடா ரெண்டு வருஷமா இந்தப் பாடு பட்டே?" என்று கேட்டார். ஆனால் மறுநாள் காலை காபி டம்ளரோடு அந்தக் கொடி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இது கண்ணுக்கான கொடி. அந்த ஊதா நிறம் மல்லிக்கும் முல்லைக்கும் இல்லாத ஒன்று.

பெங்களூருக்கு இது வராது என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஊர் இல்லை. மல்லியை வளர்க்கிற மாதிரியே இதையும் வளர்ப்பதுதான். மொட்டை மாடி வெயிலில் சிமெண்ட் தரை மேல் தொட்டியை வைத்து, தினமும் ஒரு மக் தண்ணீர் ஊற்றி, கத்தரியைக் கிட்டவே கொண்டு போகாமல் விட்டால் ஒரு கோடையில் முடிந்துவிடும். குளிர்நாட்டுச் செடி இது. அங்கே குளிர்காலம் வந்து இலையை உதிர்த்து, கொடியைத் தூங்க வைத்துவிடும். ஜனவரி ராத்திரியிலும் 15, 16 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத இந்த ஊரில் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும், அதுவும் கத்தரியால். இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

எந்த வகையை வாங்குவது

உலகத்தில் சுமார் 300 கிளெமாடிஸ் இனங்கள் உண்டு. கலப்பின வகைகளை எண்ணினால் ஆயிரக்கணக்கில் போகும். அதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டாம். கவாத்து, அதாவது தண்டுகளை வெட்டிவிடுவதை வைத்து மூன்று கூட்டமாகப் பிரித்திருக்கிறார்கள், அது மட்டும் தெரிந்தால் போதும்.

முதல் கூட்டம், போன வருஷத்துப் பழைய தண்டில் வசந்தத்தில் பூப்பவை. இமயமலையின் மொண்டானா இதில் சேர்த்தி. சிம்லா பக்கம் சுவர் முழுக்க வெள்ளையாகப் படர்ந்த படத்தைப் பார்த்து மயங்கி வாங்காதீர்கள். நல்ல குளிர் பட்டால்தான் அதற்குப் பூ. இங்கே இலை இலையாக வளர்ந்துகொண்டே போகும்.

இரண்டாம் கூட்டம், பழைய தண்டில் ஒரு முறையும் பிறகு புதுத் தண்டில் கொஞ்சமும் பூப்பவை. இளஞ்சிவப்பில் நடுவே அடர்ந்த கோடு போட்ட நெல்லி மோசர் இந்தக் கூட்டம்தான். கடைகளில் படம் அழகாக இருப்பதும் இதற்குத்தான். கை பழகிய பிறகு முயற்சி செய்யலாம், முதல் செடியாக வேண்டாம். நல்ல வெயிலில் நிறமும் வெளுத்துவிடும்.

மூன்றாம் கூட்டம்தான் நமக்கு. அந்த வருஷம் புதிதாக வருகிற தளிரில்தான் இவை பூக்கும். அதாவது அடியோடு வெட்டினாலும் பூ போகாது, வெட்டினால்தான் பூவே வரும். 1860-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜாக்மன் குடும்பத்து நர்சரியில் இருந்து வந்த ஜாக்மனை இன்றைக்கும் இந்தக் கூட்டத்தின் தலைமகன். அடர்ந்த ஊதா. சிவப்பு வேண்டுமென்றால் வில் டி லியோன். சின்னப் பூவாக இருந்தாலும் பரவாயில்லை, செடி சாகாமல் இருக்க வேண்டும் என்றால் விட்டிசெல்லா என்ற இனத்தின் வழி வந்தவை: போலிஷ் ஸ்பிரிட், எத்துவால் வயலெட் போல. வெயிலையும் வாடல் நோயையும் இவை கூடுதலாகத் தாங்கும். என்னைக் கேட்டால், முதல் செடி போலிஷ் ஸ்பிரிட்தான்.

நம் மண்ணிலேயே காட்டு கிளெமாடிஸ்கள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கௌரியானா என்ற இனம் மரங்கள் மேல் ஏறிக் கொத்துக் கொத்தாகப் பால் வெள்ளையில் பூக்கும். நீலகிரிப் பக்கம் வைட்டியானா. பூ சிறியதுதான், ஆனால் பூ முடிந்த பிறகு விதையோடு வருகிற வெள்ளிப் பஞ்சுக்காக ஒரு முறையாவது பார்க்க வேண்டும். காட்டில் இருந்து பிடுங்கிக்கொண்டு வராதீர்கள், அவ்வளவுதான்.

வாங்கும்போது

விதை வாங்கவே வாங்காதீர்கள். நீலம், கறுப்பு, வானவில் நிறம் என்று படம் போட்டு ஆன்லைனில் பாக்கெட் விற்கிறார்கள். நானும் 199 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். வந்தது என்ன விதை என்று இதுவரை தெரியாது, முளைத்தது ஏதோ ஒரு புல். நிஜ விதையாகவே இருந்தாலும் கலப்பின வகைகள் விதையில் தாயைப் போல வராது. முளைக்க மாதக் கணக்கும் ஆகலாம்.

செடியாகவே வாங்க வேண்டும். லால்பாக்கில் குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் நடக்கிற மலர்க் கண்காட்சி சமயத்தில் தேடினால் சில வேளை கிடைக்கும். அதற்கு வெளியே, மலைப்பகுதி நர்சரிகளிடம் சொல்லி வைத்து வரவழைப்பதுதான் வழி. சொல்லும்போது வகைப் பெயரோடு சொல்லுங்கள். வெறும் கிளெமாடிஸ் என்று கேட்டால் எது கையில் இருக்கிறதோ அது வரும். தூரில் இருந்து குறைந்தது இரண்டு தண்டு வந்திருக்கிறதா, அடித்தண்டு கொஞ்சம் மரத்தன்மையோடு பழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். பூவோடு இருக்கிற ஒற்றைத் தண்டுச் செடியைவிடப் பூ இல்லாத மூன்று தண்டுச் செடி மேல்.

மண் இல்லாமல் வெறும் வேராகப் பையில் வந்தால், பயப்படாதீர்கள். காய்ந்த தேங்காய் நார் மாதிரிதான் இருக்கும். ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, முதலில் 6 அங்குலத் தொட்டியில் வைத்து, வேர் நிரம்பிய பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். எடுத்தவுடனே பெரிய தொட்டியில் வைத்தால் வேர் இல்லாத மண்ணில் ஈரம் தேங்கி அழுகிவிடும்.

நடுவதற்கு நல்ல காலம், மழை ஓய்ந்த நவம்பர் கடைசியில் இருந்து ஜனவரி வரை. மார்ச்சில் வாங்கிவிட்டு ஏப்ரல் வெயிலோடு சண்டை போடாதீர்கள். 2016 ஏப்ரலில் இங்கே 39 டிகிரியைத் தாண்டியது நினைவிருக்கும்.

இடம், தொட்டி, மண்

கொடியின் மேல்பக்கம் வெயிலைக் கேட்கும், வேர் குளிர்ச்சியைக் கேட்கும். கிழக்கு பார்த்த பால்கனி கிடைத்தால் அதிர்ஷ்டம். காலை வெயில் ஐந்து மணி நேரம் வந்தால் போதும். மேற்கு என்றால் மார்ச் முதல் மே வரை 50 சதவீத நிழல்வலை கட்ட வேண்டியிருக்கும். வடக்கு பார்த்த பால்கனியில் கொடி வளரும், பூவுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்.

தொட்டி குறைந்தது ஒன்றரை அடி ஆழம். அகலத்தைவிட ஆழம் முக்கியம், இதன் வேர் கீழே இறங்குகிற ரகம். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம். மதியம் மூன்று மணிக்கு அதன் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள், தோசைக்கல் மாதிரி இருக்கும். வேர் அந்தச் சுவரை ஒட்டித்தான் ஓடுகிறது. மண் தொட்டி நல்லது. நான் செய்தது வேறு: செடியை வெளிர் நிற பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, அதை அதைவிடப் பெரிய மண் தொட்டிக்குள் இறக்கி, நடுவில் உள்ள இடைவெளியில் ஈரமான தேங்காய் நாரை அடைத்தேன். பழைய மண்பானைத் தண்ணீர் சூத்திரம்தான். இரண்டு தொட்டிக்கும் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். அடியில் மூன்று செங்கல் துண்டு வைத்துத் தரையில் இருந்து உயர்த்திவிடுங்கள்.

மண்ணுக்கு இங்கே கிடைக்கிற செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரமோ நன்றாக மக்கிய சாண எருவோ ஒரு பங்கு, கழுவிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்) அல்லது கரடுமுரடான மணல் அரைப் பங்கு. எம்-சாண்ட் போடுவதென்றால் வாளியில் போட்டுத் தூசி போகும் வரை அலசிவிட்டுப் போடுங்கள். அந்தத் தூசி இறுகினால் சிமெண்ட்தான். அதோடு ஒரு கை வேப்பம் புண்ணாக்கு, ஒரு கை எலும்புத் தூள். வீட்டில் எலும்புத் தூள் ஆகாது என்றால் விட்டுவிடலாம், செடி கோபித்துக்கொள்ளாது.

நடும் முறை

மற்றச் செடிகளைத் தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுவோம். கிளெமாடிஸ் அப்படி இல்லை. பழைய மண் மட்டத்தைவிட 5 முதல் 8 செ.மீ. ஆழமாக, அதாவது முதல் ஜோடிக் கணு மண்ணுக்குள் போகிற மாதிரி இறக்கி நட வேண்டும். தண்டு அழுகிவிடுமே என்று தோன்றும். அழுகாது, மண் வடிகாலாக இருந்தால். அந்தப் புதைந்த கணுதான் இன்ஷூரன்ஸ். மேலே உள்ளதெல்லாம் நோயில் போனாலும், தவறுதலாக யாராவது ஒடித்தாலும் அங்கிருந்து புதுத் தளிர் வரும். என் செடி அப்படித்தான் பிழைத்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நட்டபின் மண் மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலையோ தேங்காய் மட்டைத் துண்டோ போட்டு மூடாக்கு கொடுங்கள். தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட்டுவிடுங்கள். தொட்டிக்கு முன்னால் இன்னொரு சின்னத் தொட்டியை, கொத்தமல்லியோ பத்து மணிப் பூவோ எதுவானாலும், நிழலுக்கு வைக்கலாம்.

படர விடுவது

ஒரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து கவனியுங்கள். அவரைக் கொடி தண்டால் சுற்றும், பாகற்கொடிக்குப் பற்றுக் கம்பி உண்டு. கிளெமாடிஸுக்கு இரண்டும் இல்லை. இலைக்காம்பாலேயே பிடிக்கிறது. காலையில் நீட்டிக்கொண்டிருந்த காம்பு கம்பியைத் தொட்டால் வளைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு இறுகிக் கெட்டியாகிவிடும். அப்புறம் பிரிக்கப் போனால் காம்புதான் ஒடியும்.

இதில் இருந்து தெரிவது என்ன? தாங்கி மெல்லியதாக இருக்க வேண்டும். குட்டையான ஒரு காம்பால் கட்டை விரல் தடிமன் மூங்கிலைச் சுற்றிப் பிடிக்க முடியாது. பால்கனி கிரில் கம்பியும் தடிமன்தான், வெயிலில் சூடும் ஏறும். தூண்டில் நரம்பை மேலும் கீழுமாக நாலு விரல் இடைவெளியில் கட்டுங்கள், அல்லது கோழிக்கூட்டு வலையைச் சுவரில் இருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டுங்கள். வாரம் இரண்டு முறை புதுத் தளிர்களைப் பக்கவாட்டில் பரப்பி, பழைய வேட்டிக் கிழிசலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். விட்டுவிட்டால் எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னி உச்சிக்கு ஓடி, பூவெல்லாம் மேல் வீட்டுக்காரருக்குப் போய்விடும். தளிர் தண்ணீர் ஏறிய கண்ணாடிக் குழாய் மாதிரி, மடக்கினால் படக்கென்று உடையும். மெதுவாக.

தண்ணீரும் உரமும்

விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விடுங்கள். உலர்ந்திருந்தால் அடி ஓட்டையில் ஒழுகும் வரை ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் போய்விடுங்கள். தினமும் கொஞ்சம் என்ற கணக்கு வேண்டாம். ஏப்ரலில் தினமும் தேவைப்படும், ஆகஸ்டில் வாரம் ஒரு முறைகூடத் தேவைப்படாது. 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தபோது, அரிசி பருப்பு கழுவிய தண்ணீரிலேயே ஓட்டினேன். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீரை மட்டும் தொடர்ந்து ஊற்றாதீர்கள். உப்பு சேர்ந்து இலை ஓரம் கருகும்.

உரத்தில் ஒன்றே ஒன்று: இலைக்கான தழைச்சத்தை அள்ளிப் போடாதீர்கள். மாதம் ஒரு முறை இரண்டு கை மண்புழு உரம், மொட்டு வரும் முன் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சாம்பல் சத்து உள்ள உரம் லிட்டருக்கு 2 கிராம். மொட்டு நிறம் காட்ட ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். வாழைப்பழத் தோல் ஊறல் பற்றிக் கேட்பவர்களுக்கு: எனக்கு அதில் கொசுதான் வந்தது.

கவாத்து

பலர் இங்கேதான் கை நடுங்கி விடுகிறார்கள். நானும் முதல் வருஷம் வெட்டவில்லை. பச்சையாக இருக்கிற கொடியை யாருக்கு வெட்ட மனசு வரும்? விளைவு, அடியில் மூன்று அடிக்கு மொட்டைக் குச்சி, உச்சியில் ஒரு குருவிக்கூடு, அதில் நாலு பூ.

டிசம்பர் கடைசி வாரத்தில் இருந்து ஜனவரி நடு வரை, ஊர் அதன் குளிரின் உச்சத்தில் இருக்கும்போது, எல்லாத் தண்டையும் மண்ணில் இருந்து ஒரு அடி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். எல்லாத் தண்டையும்தான். இலை பச்சையாக இருந்தாலும், ஏன், ஒரு மொட்டே இருந்தாலும். ஒவ்வொரு தண்டிலும் எதிரெதிரே இரண்டு தடித்த முளைகள் உள்ள கணுவைத் தேடி, அதற்கு அரை அங்குலம் மேலே வெட்டு. கத்தரியை முன்னதாகவே ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருக்கிற ஒரு அடியில் உள்ள இலைகளையும் கிள்ளிவிட்டு, இரண்டு வாரம் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். குளிர்நாட்டில் பனி செய்கிற வேலை இவ்வளவுதான்.

மூன்றாவது வாரத்தில் கணுக்களில் செம்பு நிறத்தில் ஊசிமுனை போலத் தளிர் எட்டிப் பார்க்கும். அதன் பிறகு வேகம் நம்ப முடியாது, என் கொடி ஒரு வாரத்தில் ஒரு முழம் போயிருக்கிறது. வெட்டியதில் இருந்து பத்து வாரம் போல, மார்ச் கடைசியில் பூ. ஒரு பூ ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். நாம் இதழ் என்று பார்ப்பது உண்மையில் இதழ் இல்லை, மற்றப் பூக்களில் மொட்டை மூடியிருக்கும் புல்லிவட்டமே இதில் நிறம் பிடித்து விரிகிறது. அதனால்தான் அவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம்.

முதல் அலை முடிந்ததும் மே கடைசியில் பாதி உயரத்துக்கு இன்னொரு லேசான வெட்டு. ஆகஸ்டில் மறுபடியும் பூ வரும், முதல் தடவை அளவுக்கு இராது. மழையில் கொஞ்சம் கறையும் படும்.

புதிதாக நட்ட செடிக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, கஷ்டமானது: முதல் வருஷம் வருகிற மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும். வேர் கட்டிக்கொள்ளட்டும். மனசு கேட்கவில்லை என்றால் ஒன்றை மட்டும் விட்டு வைத்துக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் செய்தேன்.

வெட்டும்போது கையுறை போடுங்கள். இதன் சாறு தோலில் பட்டால் எரியும், கொப்புளமும் வரலாம். வெட்டிய துண்டுகளை நாய், பூனை மெல்ல விடாதீர்கள், குழந்தைகள் கையிலும் கொடுக்காதீர்கள்.

ஒரே ராத்திரியில் தொங்கிவிட்டால்

அக்டோபர் மழையில் ஒரு காலை கதவைத் திறந்தேன். முந்தின நாள் மாலை வரை நிமிர்ந்து நின்ற தண்டு, ஏழு மொட்டோடு, வேக வைத்த கீரைத் தண்டு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தண்டில் ஒன்றுமே இல்லை. தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன், அது தப்பு.

தாகம் என்றால் எல்லாத் தண்டும் சேர்ந்து வாடும், ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் நிமிரும். வேர் அழுகல் என்றால் அடி இலையில் இருந்து மஞ்சளாகி மேலே ஏறும், மண்ணை மோந்தால் சாக்கடை வாடை வரும். ஒரே ஒரு தண்டு மட்டும் திடீரென்று சாய்ந்து, காம்பும் தண்டும் கறுத்தால் அது கிளெமாடிஸ் வாடல், ஒரு பூஞ்சை நோய். மருந்தைத் தேடி ஓடாதீர்கள். கறுத்த பாகத்துக்குக் கீழே நல்ல திசு வரும் வரை, தேவைப்பட்டால் மண் மட்டம் வரை வெட்டி, குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். கத்தரியைத் துடையுங்கள். தொட்டியைத் தூக்கி எறியாதீர்கள். என் தொட்டியில் ஐந்து வாரம் வெறும் மண்தான் இருந்தது. ஆறாவது வாரம் அந்தப் புதைந்த கணுவில் இருந்து இரண்டு தளிர் வந்தது.

மற்றவை சில்லறைத் தொல்லைகள். கோடையில் இலை அடியில் செஞ்சிலந்தி, அதற்கு இலையின் பின்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி போகும். அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., சில சொட்டு சோப்புக் கரைசலோடு, மாலையில் மட்டும். குளிர் மாதங்களில் இலை மேல் மாவு தூவினாற்போல் சாம்பல் நோய் வந்தால் நெரிசலைக் குறைத்துக் காற்று போக விடுங்கள். தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தை வரும். ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்குவதுதான் வழி, வெறும் கையால் தொட வேண்டாம்.

பதியம்

கொடி இரண்டு வயது ஆனதும் இன்னொரு செடி எடுக்கலாம். குச்சி நட்டும் எடுக்கலாம், எனக்குப் பத்தில் ஒன்றுதான் பிழைத்தது. பதியம் சுலபம். ஜூனில் நீளமான ஒரு தண்டைப் பக்கத்துத் தொட்டிக்கு வளைத்து, ஒரு கணுவின் அடியில் தோலை லேசாகச் சுரண்டி, மண்ணுக்குள் அமுக்கி, மேலே ஒரு கல் வையுங்கள். நுனி வெளியே இருக்கட்டும். அந்தத் தொட்டி காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். எட்டு மாதமோ ஒரு வருஷமோ ஆகும். நடுவில் தோண்டித் தோண்டிப் பார்க்காதீர்கள். லேசாக இழுத்தால் எதிர்ப்புத் தெரியும்போது தாய்த் தண்டை வெட்டிவிட்டு, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள்.

என் முதல் பதியத்தைக் கீழ் வீட்டு ஆம்பூர்ப் பாட்டி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். முதல் வருஷ மொட்டைக் கிள்ளச் சொல்லியிருக்கிறேன். கிள்ளவில்லை, தொட்டியில் ஏழு எண்ணினேன்.